வெங்காயத்தின் மேல் போட்ட பழி

திண்டுக்கல் வெங்காயப் பேட்டைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா நாற்பது வருஷமாகக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். சாயங்காலம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாரென்றால் அந்த மூலையே சின்ன வெங்காய வாடை அடிக்கும். மண்டியில் விலை போகாத வெங்காயம் சாக்கில் வீட்டுக்கு வந்துவிடும். அம்மாவும் அப்பத்தாவும் அதைத் திண்ணையில் கொட்டி, அழுகலைப் பொறுக்கி, வாலைக் கிள்ளி, காய வைப்பார்கள். ஆகவே எங்கள் வீட்டில் யார் கண்ணில் தண்ணீர் வடிந்தாலும் ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் ஒன்றுதான். "வெங்காயம்."

ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு, வீட்டில் வெங்காயம் உரிக்கவில்லை, சாம்பார்கூட வைக்கவில்லை என்கிற நாளிலும் அம்மாவின் வலது கண் வடிந்துகொண்டுதான் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

வெங்காயத்துக்கு நான் செய்ய வேண்டிய முதல் நியாயம், அது எப்படி அழ வைக்கிறது என்று சொல்வது. வெங்காயத்துக்குள் கந்தகச் சரக்கு ஒரு அறையிலும் அதை உடைக்கும் நொதி பக்கத்து அறையிலுமாகத் தனித்தனியே இருக்கின்றன. கத்தி இறங்கினதும் சுவர் இடிந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது இன்னொரு நொதியும் வேலை செய்து, சட்டென்று ஆவியாகிற ஒரு பொருளை உண்டாக்குகிறது. இந்த இரண்டாவது நொதியை ஜப்பான்காரர்கள் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை முதல் நொதியே எல்லாவற்றையும் செய்கிறது என்று நினைத்திருந்தார்கள். ஆவி கண்மணிக்கு மேலிருக்கும் கண்ணாடி போன்ற தோலில் படுகிறது. அங்கே நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் மூளைக்கு உடனே தகவல் போய், கண்ணீர்ச் சுரப்பி திறந்துவிடப்படுகிறது. கூரான கத்தியால் அறுத்தால் அறைகள் குறைவாக இடியும், கண்ணும் குறைவாக எரியும். எங்கள் அம்மாவின் மொட்டை அரிவாள்மணைக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

ஆனால் வெங்காயம் தந்த கண்ணீர், வெங்காயத்தை விட்டு எழுந்து போனால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்காதது வெங்காயம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

*

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் தட்டில், ஒரு கண் சொட்டு மருந்துப் பாட்டில் எப்போதும் கிடக்கும். தெருமுனை மெடிக்கலில் "கண்ணுல தண்ணியா வருதுங்க" என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பது. போன தீபாவளிக்குத் திறந்தது. திறந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று மேலே அச்சடித்திருந்தது. பங்குனி வரைக்கும் அது ஓடியது. அம்மா விட்டுக்கொண்டார், அப்பத்தா விட்டுக்கொண்டார், ஆடிட்டர் ஆபீஸிலிருந்து கண் எரிந்து வந்த நானும் விட்டுக்கொண்டேன். தம்பிக்கு மகன் பிறந்து மூன்றாவது வாரம் குழந்தைக்கும் கண் வடிந்தபோது, அதே பாட்டிலோடு அம்மா தொட்டில் பக்கம் போனார். தம்பி மனைவிதான் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, நீங்க சொல்லுங்க, பச்சப் புள்ளைக்கு இதெல்லாம் விடலாமா?" என்று என்னைப் பார்த்தாள். அப்போதுதான் முதன்முறையாக அந்தப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன். ஒரு ஆன்டிபயாடிக்கும் டெக்ஸாமெத்தசோனும். பக்கத்தில் சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கோடு.

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. சிவந்த கண்ணை ஒரே நாளில் வெளுக்க வைத்துவிடும். அதனால்தான் அதற்கு இவ்வளவு மவுசு. மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு வலியில்லாமல் கெட்டுப்போகும். புரையும் சீக்கிரம் விழும். கண்ணில் கிருமிப் புண் இருந்தால் அது பரவ வழி விட்டுக் கொடுக்கும். கோடை வந்தாலே கண்ணைக் கசக்கிக்கொண்டு அலைகிற பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அலர்ஜியில் அரித்து வடியும் கண்கள், அவர்களுக்குத்தான் இந்தச் சொட்டால் பெரிய ஆபத்து. அம்மா அப்பா வருஷக்கணக்கில் கடையில் வாங்கி விட்டுக்கொண்டே இருப்பார்கள். அரிப்பு நிற்கும். பக்கப் பார்வை போவது பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது.

ஒரே வீட்டில் நாலு பேருக்குக் கண்ணில் தண்ணீர். ஒரே பாட்டில். பிறகு ஒவ்வொருவராக மருத்துவமனைக்குப் போனபோது தெரிந்தது, நாலு பேருக்கும் நாலு வேறு காரணம். அதில் இரண்டு ஒன்றுக்கொன்று நேரெதிர்.

*

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை மூக்குப் பக்கமாக லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சின்ன மேடு, அதன் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. அது மச்சம் இல்லை, ஓட்டை. மேல் இமையிலும் இதேபோல ஒன்று உண்டு. அகலம் சுமார் 0.3 மில்லிமீட்டர். கண்ணில் சுரக்கும் நீர் வெளியேறும் வழி இதுதான். இங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் இமைக்குள்ளேயே ஓடி, மூக்குத்தண்டின் பக்கவாட்டில் எலும்புப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் கண்ணீர்ப் பைக்குப் போகிறது. பையிலிருந்து எலும்புக்குள்ளே ஒரு குழாய் கீழிறங்கி மூக்குக்குள் திறக்கிறது. அழுதால் மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட மருந்து கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இந்த வழியால்தான்.

இமைப்பதுதான் இங்கே பம்ப். ஒவ்வொரு இமைப்பிலும் இமைத்தசை பையைப் பிழிந்து விட்டு நீரை உள்ளே உறிஞ்சுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர்தான் சுரக்கும். கண்ணில் ஒரு நேரத்தில் நிற்பது ஏழு, எட்டு மைக்ரோலிட்டர். சொட்டு மருந்தின் ஒரு துளியே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரும். அதனால், நம் ஊரில் "ரெண்டு சொட்டா விடு, சீக்கிரம் கேக்கும்" என்று விடுகிற இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் மருந்து.

கண்ணீர் மூளையிலிருந்து வடிகிறது என்றுதான் ஐரோப்பாவில் ரொம்ப காலம் நம்பியிருந்தார்கள். 1660களில் ஸ்டீனோ என்ற டென்மார்க் இளைஞர் விலங்குகளின் தலையை அறுத்துப் பார்த்து, இது சுரப்பியிலிருந்து வருகிறது, இந்தத் துளைகள் வழியாக மூக்குக்குப் போகிறது என்று காட்டினார். அவர் பின்னால் பாறைகளைப் படித்துப் பேர் வாங்கினதால் கண் சமாசாரம் மறந்துபோய்விட்டது.

*

முதலில் குழந்தை. இடது கண்ணில் மட்டும் எப்போதும் நீர் கோத்துக்கொண்டு நிற்கும். காலையில் பீளை காய்ந்து இமை ஒட்டிக்கொள்ளும். கண் சிவக்கவில்லை, வீங்கவில்லை, குழந்தை சந்தோஷமாகப் பால் குடித்தது. அப்பத்தா தாய்ப்பாலைப் பீச்சி விடச் சொன்னார். அதுவும் வேண்டாத வேலைதான், பால் கிருமி வளர நல்ல இடம்.

மதுரையில் குழந்தைகளுக்கான கண் டாக்டர் அம்மா, அடைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வேறு இரண்டு விஷயம் பார்த்தார். டார்ச்சைக் கண்ணில் அடித்துக் குழந்தை முகத்தைத் திருப்பி இறுக்கி மூடிக்கொள்கிறதா என்று கவனித்தார். ஒரு சின்ன ஸ்கேலை வைத்துக் கருவிழியின் அகலத்தை அளந்தார். பிறகு தம்பியிடம் கேட்டார், "சொந்தத்துல கல்யாணமா?"

சொந்தம்தான். தம்பி கட்டியது தாய்மாமன் மகளை.

அவர் தேடியது பிறவிக் கண் நீர் அழுத்தம், குளுக்கோமா. நம் ஊரில் குழந்தைக்குக் கண் பெரிதாக இருந்தால் "ராஜா கண்ணு" என்று திருஷ்டிப் பொட்டு வைப்போம். உள்ளே அழுத்தம் ஏறி விழியே ஊதிப் பெரிதாவதும் பார்க்க அப்படித்தான் இருக்கும். நீர் வடியும், வெளிச்சம் ஆகாது, இமை துடித்து மூடும், கருவிழி மங்கும். பீளை பெரும்பாலும் இருக்காது. வடிகால் திறந்திருப்பதால் மூக்கும் சேர்ந்து ஒழுகும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும். மேல்நாடுகளில் 10,000 குழந்தைக்கு ஒன்று என்று சொல்லப்படும் இந்த நோய், ஆந்திரத்தில் எடுத்த கணக்கில் 3,300க்கு ஒன்று என்று வந்திருக்கிறது. அப்பா, அம்மா இரண்டு பேரிடமும் ஒரே குறை மரபணு இருந்தால்தான் பிள்ளைக்கு வரும் வகை அதிகம் என்பதால், மாமன் மகள், அக்கா மகள் கட்டும் வீடுகளில் டாக்டர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. அந்த இரண்டு நிமிஷம் தம்பியின் முகத்தை நான் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அளவு சரியாக இருந்தது. வெறும் அடைப்பு. மூக்குக்குள் குழாய் திறக்கும் கடைசி இடத்தில் ஒரு மெல்லிய ஜவ்வு, பிறக்கும்போது திறந்திருக்க வேண்டியது, சில குழந்தைகளுக்கு மூடியே இருக்கும். பிறந்த உடனே யாருக்கும் தெரியாது, ஏனென்றால் முதல் சில வாரம் கண்ணீர் அவ்வளவாகச் சுரக்காது. சுரக்க ஆரம்பித்த பிறகுதான் போக வழியில்லாமல் வெளியே வழியும். (பிறந்த சில நாளிலேயே இமை வீங்கிச் சீழ் தள்ளினால் அது வேறு, பிரசவத்தில் தொற்றிய கிருமி. அன்றைக்கே ஓட வேண்டும்.)

டாக்டர் அம்மா தம்பி மனைவியின் சுண்டு விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவி, கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவே அழுத்தி, விரலை எடுக்காமல் மூக்கோரமாகக் கீழே இழுக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு நாலு தடவை. பைக்குள் இருக்கும் நீர் அழுத்தம் தாங்காமல் ஜவ்வு கிழிந்து வழி விட வேண்டும், அதுதான் கணக்கு. 1923இல் கிரிக்லர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்த முறை, இன்னும் மாறவில்லை. "கண்ணைத் தடவாதீங்க, எலும்பு மேல அழுத்துங்க" என்று மூன்று தடவை சொன்னார். எங்கள் வீட்டில் எல்லோரும் கண்ணைத்தான் தடவினோம், தம்பி மனைவி ஒருத்தியைத் தவிர. பத்தில் ஒன்பது குழந்தைக்கு முதல் பிறந்தநாளுக்குள் தானாகச் சரியாகிவிடுமாம். ஆகாவிட்டால் மயக்கம் கொடுத்து ஒரு மெல்லிய கம்பியை விட்டுத் திறந்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைக்கு ஏழாம் மாதம் நின்றுபோனது. நின்று இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது.

*

நான் அந்த மருத்துவமனையிலேயே என் கண்ணையும் காட்டினேன், துணைக்கு வந்த பஸ் காசு வீணாகக் கூடாதென்று. வயது 41. பகலெல்லாம் ஜிஎஸ்டி ரிட்டர்ன். நாலு மணிக்கு மேல் ஏசி நேராக முகத்தில் அடிக்கும்போது இரண்டு கண்ணும் வடியும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு கிளையன்ட் என் எதிரே உட்கார்ந்து, "மேடம், அபராதம் அவ்வளவு பெருசா?" என்று பயந்தே போனார்.

முதலில் கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையை மடித்துச் செருகினார்கள். ஐந்து நிமிஷம். பட்டை நன்றாகவே நனைந்தது. பிறகு கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் இமைக்காமல் பார்க்கச் சொல்லி, டாக்டர் எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... உடைஞ்சிருச்சு." கண்ணின் மேல் படர்ந்திருக்கும் நீர்ப்படலம் பத்து நொடியாவது உடையாமல் நிற்க வேண்டுமாம். எனக்கு நாலு.

"உங்க கண்ணு காய்ஞ்சு போயிருக்கு" என்றார். கன்னத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே நான் சிரித்துவிட்டேன்.

ஊறுகாய் ஜாடியில் மேலே எண்ணெய் நிற்கிறதே, அது எதற்கு? கீழே இருப்பது காயாமல், கெடாமல் இருக்க. கண்ணின் நீர்ப்படலத்துக்கு மேலேயும் அப்படி ஒரு எண்ணெய்ப் பூச்சு உண்டு. இமை ஓரத்தில், மயிர்க்கால்களுக்குப் பின்னால், வரிசையாக இருக்கும் சுரப்பிகள் அதைத் தருகின்றன. 1666இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய டாக்டர் மைபோமின் பேரில் இன்றும் மைபோமியன் சுரப்பி என்றே அழைக்கிறார்கள். நாம் இமைக்கும்போதுதான் அந்த எண்ணெய் பிழிந்து பரவும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிறவர்கள், கம்ப்யூட்டரை வெறித்துப் பார்க்கும்போது ஐந்தாறு தடவைதான் இமைக்கிறோம், அதையும் அரைகுறையாக. எண்ணெய் வராமல் நீர் ஆவியாகிறது. கண் காய்ந்து நரம்பு அலறுகிறது. வெங்காயம் அறுத்தபோது போன அதே தகவல் மூளைக்குப் போகிறது. சுரப்பி ஒரேயடியாகத் திறக்கிறது. எண்ணெய் இல்லாத அந்த வெள்ளமும் நிற்காமல் வழிந்து போய், கண் மறுபடி காய்கிறது.

குழந்தைக்கு வடிகால் மூடியிருந்தது. எனக்கு வடிகால் சரி, மேலே எண்ணெய்தான் இல்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் ஐந்து பத்து நிமிஷம் வைத்து, இமை ஓரத்தை மெல்ல நீவி, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடச் சொன்னார். ஏசியின் மூக்கைத் திருப்பி வைக்கச் சொன்னார். "தண்ணி வடியுற கண்ணுக்குத் தண்ணியே மருந்தா?" என்று அம்மா கேட்டதற்கு நான் ஊறுகாய்க் கதையைச் சொன்னேன். அவருக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. மாதவிடாய் நிற்கிற வயதில் இது இன்னும் கூடும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை.

*

இப்போது அம்மா. இதைத்தான் எழுத வந்தேன்.

அம்மாவுக்கு 63. கண்ணில் புரை விழுந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்த இலவச கண் முகாமுக்குப் போனார். பிபி பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், கடைசியில் ஒரு பெஞ்சில் படுக்க வைத்து "டக்ட்" பார்த்தார்கள். முகாமுக்குப் போன எல்லாப் பாட்டிமாருக்கும் இந்த வார்த்தை தெரியும். கண்ணோரத் துளைக்குள் மழுங்கின ஊசியைச் செருகி உப்புத் தண்ணீரை மெல்லச் செலுத்துவார்கள். வழி திறந்திருந்தால் தொண்டையில் உப்புக் கரிக்கும். "கரிக்குதாம்மா?" என்று கேட்பார்கள். அம்மாவுக்குக் கரிக்கவில்லை. செலுத்தின தண்ணீர் அப்படியே கண் வழியாகத் திரும்பி வந்தது, கூடவே சளி மாதிரி கெட்டியாக ஏதோ. ஊசிக்கு முன்னாலேயே நர்ஸ் ஒருவர் கண்ணின் உள்மூலையை விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறார். அப்போதே துளை வழியாகச் சீழ் எட்டிப் பார்த்திருக்கிறது.

புரை அறுவை இப்போது கிடையாது என்று சீட்டு எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "கண்ணுக்குப் போனா மூக்குல குத்தம் சொல்றாங்கடி. இலவசம்னா இப்பிடித்தான்" என்று இரண்டு நாள் பொருமினார்.

திருப்பி அனுப்பினதுதான் அவர்கள் செய்த பெரிய உதவி. அடைபட்ட பையில் தேங்கின நீர் கிருமிக்குளம். பக்கத்திலேயே கண்ணைத் திறந்து லென்ஸ் வைத்தால் அந்தக் கிருமி விழிக்குள் இறங்கும். இறங்கினால் பார்வையை ஒரே வாரத்தில் தின்றுவிடும். அதனால்தான் புரைக்கு முன்னால் டக்ட்.

இந்த அடைப்பு நாற்பது வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. பெண்களுக்கு அந்த எலும்புக் குழாய் இயல்பிலேயே குறுகல். உள்தோல் மெல்ல வீங்கித் தழும்பாகி மூடிக்கொள்ளும். கை வைத்தியம் எதுவும் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. குழந்தைக்கு நீவிவிட்டால் திறக்கும் ஜவ்வு வேறு, இது வேறு. அம்மா அந்த ஆறு வருஷத்தில் விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூ, ஃபிரிட்ஜ் பாட்டில் என எல்லாம் பார்த்துவிட்டார். இடையில் ஒருமுறை உள்மூலை சுண்டைக்காய் மாதிரி வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தது. தெருவில் இருந்த ஒரு கிளினிக்கில் "கட்டி" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அது பையில் பிடித்த சீழ் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. வீட்டிலோ, வெங்காயம் என்று சொல்ல நாலு பேர் இருந்தோம்.

தீர்வு, பழைய குழாயைச் சரி செய்வது இல்லை. பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் எலும்பில் ஒரு ஜன்னல் வெட்டிப் புது வழி விடுவது. 1904இல் இத்தாலியின் டோட்டி என்பவர் சொன்ன யோசனை. டிசிஆர் என்று சொல்கிறார்கள். மூக்கோரம் தோலை வெட்டியும் செய்யலாம், மூக்குக்குள் கேமரா விட்டு வெளியே தழும்பில்லாமலும் செய்யலாம். பத்தில் ஒன்பது பேருக்கு நன்றாக ஆகும் என்றார்கள்.

ஆபரேஷனை ஒரு நாள் தள்ளிப்போட வைத்தது மூக்குத்தி. அம்மாவின் வலது மூக்கில் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட எட்டுக்கல் மூக்குத்தி, நாற்பத்தைந்து வருஷமாகக் கழற்றவே இல்லை. திருகு இறுகி ஒட்டிப்போயிருந்தது. சோப்பு போட்டும் எண்ணெய் விட்டும் அசையவில்லை. ஆசாரியிடம் கூட்டிப்போய் வெட்டித்தான் எடுத்தோம். மயக்க ஊசிக்கும் பயப்படாத அம்மா, அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அப்பா அருகில் நின்று கைக்குட்டையை நீட்டினார். "கண்ணுல தண்ணியா?" என்று கேட்டார். "இது அழுகை" என்றார் அம்மா.

ஆபரேஷன் முடிந்து மூக்கில் பஞ்சு அடைத்து வந்தார். ஒரு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, சூடாக எதுவும் சாப்பிடக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் டக்ட் பார்த்தபோது, ஊசி ஏறின உடனே பெஞ்சில் படுத்தபடி "கரிக்குது, கரிக்குது" என்று கத்தினாராம். பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெண்மணிகள் பயந்துவிட்டார்கள். அடுத்த மாதம் புரை எடுத்தார்கள். மூக்குத்தி மறுபடி போட்டாயிற்று, இந்த முறை லேசாகத் திருகி.

*

அப்பத்தாவுக்கு 84. அவருக்கு அடைப்பும் இல்லை, பெரிதாக வறட்சியும் இல்லை. வயதில் கீழ் இமை தளர்ந்து, பழைய ரவிக்கையின் ரப்பர் மாதிரி வெளியே தொங்கிவிட்டது. துளை கண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் நீர் அதற்குள் போகும். தொங்கின இமையில் துளை ஆகாயத்தைப் பார்க்கிறது. பம்புக்கும் வலுவில்லை. வழிகிறதை அவர் முந்தானையால் கீழ்ப்பக்கமாகத் துடைக்கிறார், ஒரு நாளைக்கு நூறு தடவை. ஒவ்வொரு துடைப்பும் இமையை இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கிறது. டாக்டர் சொன்னது, துடைத்தால் மேல்நோக்கி, மூக்குப் பக்கமாக, ஒற்றி எடுங்கள். இமையை இழுத்துத் தைக்கும் சின்ன ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, மரத்துப் போக ஊசி போட்டு முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அப்பத்தா முடியாது என்றுவிட்டார். "இந்த மூஞ்சிக்கு இனிமே தையல் போட்டு யாருக்குக் காட்டப்போறேன், தாயி."

அவருக்கு அந்தக் கண்ணால் ஊரில் ஒரு பேரும் இருக்கிறது. எந்த எழவு வீட்டுக்குப் போனாலும் அப்பத்தா படியேறும்போதே கண் நிறைந்து வழிந்துகொண்டிருக்கும். ரோட்டுக் காற்று பட்டதுதான் காரணம். "பாவம், என்ன பாசம் பாரு" என்பார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. தாத்தா செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னமும் அவரை நினைத்து அழுகிறார் என்று தெருவே நம்புகிறது. கண்ணீர் என்று ஒன்று, கண்ணுல தண்ணி என்று ஒன்று, தமிழில் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இதே வயதில் இமை உள்பக்கமாக மடங்கி, மயிர் விழியைக் குத்தி வடிவதும் உண்டு. அது பாசத்தோடு விட்டுவிடக் கூடியது இல்லை, கருவிழியில் புண் ஆகிவிடும். அப்பாவின் மண்டிச் சிநேகிதர் ஒருவருக்கு முகவாதம் வந்து வாய் கோணி, பிறகு தேறியது. அதற்கப்புறம் அவர் பிரியாணி சாப்பிட உட்கார்ந்தாலே ஒரு கண் மட்டும் வடிகிறது. எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய நரம்பு இழைகள் மறுபடி வளரும்போது வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டதாம். என் ஆபீஸில் மார்பகப் புற்றுக்கு டோசிடாக்செல் மருந்து ஏற்றிக்கொண்ட ஓர் அக்காவுக்கு, அந்த மருந்தே கண்ணோரக் குழாயைச் சுருக்கிவிட்டது. அவர் அழுகிறார் என்று நினைத்து நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். சீக்கிரமே டாக்டரிடம் சொல்லியிருந்தால் குழாய் மூடாமல் இருக்கச் சிலிக்கோன் இழை வைத்திருப்பார்களாம்.

வடிவதோடு வலி, சிவப்பு, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது என்று ஏதாவது சேர்ந்தால் எந்த வயதிலும் அன்றைக்கே போக வேண்டும். ரத்தம் கலந்து வடிந்தாலும், உள்மூலையில் கல் மாதிரி கட்டி தட்டுப்பட்டாலும் அப்படியே.

அந்தப் பாட்டிலை நானே குப்பையில் போட்டேன். போன வாரம் முட்டை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் அதே இடத்தில் புதிதாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதே லேபிள், அதே சிவப்புக் கோடு.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

அப்பா தினத்தந்தியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எனக்குத்தான். ரெண்டு நாளா லேசா வடியுது."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களாப்பா?"

"இதுக்கு எதுக்கு டாக்டரு" என்றார், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. "மண்டியில லோடு ஜாஸ்தி. வெங்காயம்தான்."